8 மில்லிமீட்டரும் 5 சென்டிமீட்டரும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் ஃபைலில் இரண்டு ரிப்போர்ட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே ரிப்போர்ட். இன்னொன்று, அறுத்தெடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நாங்கள் எழுதும் பேத்தாலஜி ரிப்போர்ட். இரண்டிலும் நோயின் அளவு என்று ஒன்று போட்டிருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் மருத்துவர்கள் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிற மகளோ மகனோதான் கண்டுபிடிக்கிறார்கள். வேறோர் இடத்தில் அறுவை முடிந்து, செகண்ட் ஒபீனியனுக்காக அம்மாவின் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "மேடம், மேமோகிராம்ல 5 சென்டிமீட்டர்னு போட்டிருக்காங்க. பேத்தாலஜில 8 மில்லிமீட்டர்னு இருக்கு. ரெண்டுல எதை நம்புறது?"

எங்கள் துறையில் இதற்குப் பழக்கப்பட்ட பதில் ஒன்று உண்டு. படம் என்பது நிழல், மைக்ராஸ்கோப்பில் தெரிவதுதான் நிஜம், அதனால் பேத்தாலஜியைத்தான் நம்ப வேண்டும். எம்.டி. படிக்கும்போதே எங்களுக்கு இது ஊறிவிடும். ஆனால் அந்தப் பெண் கேட்ட நொடியில் அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. 8 மில்லிமீட்டரில் தப்பில்லை. ஸ்லைடை நானே பார்த்தேன், திசுவுக்குள் ஊடுருவிய கட்டி அவ்வளவுதான். மேமோகிராமில் 5 சென்டிமீட்டருக்குச் சிதறிக் கிடந்த சுண்ணாம்புப் புள்ளிகளும், அதாவது திசுவில் படிந்த கால்சியத் துணுக்குகளும், அங்கே இருந்தவைதான். இரண்டு உண்மைகள் ஒரே மார்பகத்தைப் பற்றிப் பேசுகின்றன, ஆனால் அவற்றை ஒன்றாக உட்கார வைத்து யாரும் பேசவில்லை. ஆரம்பநிலைப் புற்றுநோயில் இதுதான் பெரிய சிக்கல் என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பார்க்கும் விதமே வேறு

மேமோகிராம் மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி, அதன் முழுப் பருமனையும் ஒரே தளத்தில் இறக்கிவிடுகிறது. அதில் செல் தெரியாது. சுண்ணாம்புப் புள்ளிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, காம்பை நோக்கி வருகின்றனவா, கிளை பிரிகின்றனவா என்பதெல்லாம் தெரியும். நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். அறுத்தெடுத்த திசுவைத் துண்டு போட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைச் சின்னப் பிளாஸ்டிக் கேசட்டுகளில் அடைத்து, மெழுகில் பதித்து, நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவிப் பார்க்கிறோம். கேசட்டில் வைக்கும் துண்டு நாலு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடியில் ஏறுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் உட்கரு வரைக்கும் தெரிகிறது. ஆனால் 5 சென்டிமீட்டர் பரவிய ஒன்று எந்தக் கேசட்டிலும் முழுதாக அடங்காது. அது பல மெழுகு பிளாக்குகளாகச் சிதறி, மறுபடி யாராவது மனதுக்குள் ஒட்டவைத்தால்தான் உண்டு. அந்த ஒட்டவைக்கும் வேலை பெரும்பாலும் நடப்பதில்லை.

கையில் தட்டுப்படும் பெரிய கட்டிக்கு இதனால் அவ்வளவு நஷ்டமில்லை. படத்திலும் கட்டி, மேசையிலும் கட்டி, கத்தி பட்டால் நறுக்கென்று சத்தம் வரும், அளந்து எழுதிவிடலாம். நம்மூரில் வருபவர்களில் பெரும்பான்மை இன்னும் இப்படித்தான் என்பதால் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமும் அதிகம் வரவில்லை. மேமோகிராமில் மட்டும் தெரியும் நோய் வரத் தொடங்கியபோதுதான் சிக்கல். பால் குழாய்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோயைக் கண்ணாலும் பார்க்க முடியாது, விரலாலும் உணர முடியாது. வெட்டிய பரப்பு சாதாரண வெள்ளை நாராகவும் மஞ்சள் கொழுப்பாகவும்தான் இருக்கும். எங்கே கேசட் எடுப்பது? படம் சொல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான்.

ஃபார்மலின் ஜாடி

அந்தப் பெண் கொண்டுவந்த ஸ்லைடுகளில் தவறென்று சொல்ல எதுவும் இல்லை. 8 மில்லிமீட்டர் கட்டி, அதைச் சுற்றிக் கொஞ்சம் குழாய்க்குள் அடங்கிய புற்றுநோய், கட்டியை ஒட்டிய விளிம்புகள் சுத்தம், அதாவது வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை. கட்டி இருந்த இடத்தில் நன்றாகவே கேசட் எடுத்திருந்தார்கள். கட்டியிலிருந்து தூரத்தில் எடுத்தது குறைவு. அறுவைக்கு முன் எடுத்த படத்தை அந்த ஆய்வகத்துக்கு யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை. கூட வந்த விண்ணப்பத் தாளில் "மார்பகக் கட்டி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் மேமோகிராம் சிடியை எடுத்துக்கொண்டு எங்கள் ரேடியாலஜிஸ்ட்டிடம் போனேன். அவர் என்னைவிட மூத்தவர், படத்தைத் திரையில் போட்டு ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், "கட்டி இங்கே கீழே ஓரத்துல இருக்கும்மா. ஆனா இந்தப் புள்ளியெல்லாம் பாருங்க, விசிறி மாதிரி காம்பைப் பார்த்துல்ல போகுது? அந்தப் பக்கத்து திசு உங்க ஸ்லைடுல எங்கே இருக்கு?" என்றார். என் கையில் இருந்த ஸ்லைடுகளில் அது எங்கேயும் இல்லை.

ரிப்போர்ட் கொடுத்த பிறகும் மிச்சத் திசுவை ஆய்வகங்கள் ஃபார்மலினில், அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தில், சில வாரம் வைத்திருப்பது வழக்கம். கேட்டோம். நல்லவேளையாக இன்னும் கொட்டவில்லை, ஜாடியை அப்படியே கொடுத்தனுப்பினார்கள். நீளவாக்கில் வெட்டிய துண்டுகள், விளிம்பில் பூசிய மை இன்னும் கலையாமல். அவற்றைக் கழுவி, வரிசை மாறாமல் ஒரு பிளாஸ்டிக் தாளில் அடுக்கி, எண் போட்டு, எக்ஸ்ரே எடுத்தோம். காம்புப் பக்கத்துத் துண்டுகளில் சுண்ணாம்புப் புள்ளிகள் கோடு கோடாகத் தெரிந்தன. முதலில் யாரும் கேசட் எடுக்காத துண்டுகள் அவை. அந்த இடங்களிலிருந்து புதிதாகப் பிளாக்குகள் போட்டோம். வீங்கிய குழாய்கள், நடுவில் செத்த செல்களின் குப்பை, அந்தக் குப்பையில் சுண்ணாம்பு. ஹை-கிரேட், அதாவது தீவிர வகைப் புற்றுநோய், குழாய்க்குள் அடங்கியது. ஒரு துண்டில் அது மை பூசிய விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதாவது வெட்டுக்கு அந்தப் பக்கமும் நோய் மிஞ்சியிருக்கலாம்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு அறுவை தேவைப்பட்டது. எடுத்த திசுவில் மிச்ச நோய் இருந்தது. நோயின் ஸ்டேஜ் மட்டும் மாறவே இல்லை. ஸ்டேஜ் போடும்போது ஊடுருவிய கட்டியின் அளவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 5-க்கு மேல் 10 மில்லிமீட்டர் வரை என்றால் டி1பி என்ற பிரிவு, குழாய்க்குள் அடங்கியது எத்தனை சென்டிமீட்டர் பரவியிருந்தாலும் டி1பிதான். ஊரில் இருப்பதிலேயே பெரிய வீட்டை அளந்து எழுதிவிட்டு ஊரையே அளந்ததாக நினைத்துக்கொள்வது போன்றது இது.

அந்த மகளுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான். 8 மில்லிமீட்டர் என்பது நோய் உடம்பின் மற்ற இடங்களுக்குப் போயிருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பற்றிய எண். அது சின்னது, நல்ல செய்தி, அந்த நிம்மதியை யாரும் பறிக்கத் தேவையில்லை. 5 சென்டிமீட்டர் என்பது மார்பகத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு மிஞ்சியிருக்கலாம் என்பதைப் பற்றிய எண். முதல் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது.

முன்னோர்கள் செய்ததுதான்

நாங்கள் அன்று செய்ததில் புதுமை எதுவும் இல்லை. 1913-லேயே பெர்லினில் ஆல்பெர்ட் சாலமோன் என்ற அறுவை மருத்துவர், அறுத்தெடுத்த சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, நிழலில் தெரிந்ததையும் திசுவில் தெரிந்ததையும் பொருத்திப் பார்த்திருக்கிறார். மேமோகிராஃபியின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதாவது உயிருள்ள நோயாளியிலிருந்து இல்லை, பேத்தாலஜி மேசையிலிருந்து. சாலமோன் யூதர். நாஜிகள் வந்ததும் பணியை இழந்தார், 1938-ல் சாக்ஸன்ஹவுஸன் முகாமில் அடைபட்டார், பிறகு நெதர்லாந்துக்குத் தப்பினார். ஓவியரான அவருடைய மகள் ஷார்லட் 1943-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இவ்வளவையும் தாண்டி அவர் 1976 வரை வாழ்ந்தார். எங்கள் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தோன்றியது.

லண்டனில் லெந்தல் சீட்டில் என்ற அறுவை மருத்துவர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். மார்பகம் முழுவதையும் பெரிய பெரிய வெட்டுகளாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். நம் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் தினமும் கையில் எடுக்கும் சீட்டில் ஃபோர்செப்ஸ் அவர் பெயரில் வந்ததுதான். இடுக்கி நிலைத்துவிட்டது. மார்பகத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பழக்கம் நம்மிடம் நிலைக்கவில்லை.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது 1985-ல் நெதர்லாந்தின் நைமேகனிலிருந்து ரோலண்ட் ஹாலண்டும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு. ஒரே கட்டிதான், அளவும் 5 சென்டிமீட்டருக்குள்தான் என்று கருதப்பட்டவர்களிடம் முழுதாக அகற்றிய மார்பகங்களைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் எக்ஸ்ரே எடுத்து, பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 282 மார்பகங்களில் கட்டியைத் தவிர வேறெங்கும் நோய் இல்லாதவை 37 சதவீதம். 20 சதவீதத்தில் கட்டியிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வேறு இடத்திலும் நோய். 43 சதவீதத்தில் 2 சென்டிமீட்டரையும் தாண்டி. "ஒரே கட்டி" என்பது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் உண்மையில்லை என்று ஆயிற்று.

அப்படியானால் மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவையே தப்பா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த பி-06 ஆய்வின் 20 வருட முடிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 14.3 சதவீதம். முழு மார்பகத்தையும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை. ஹாலண்ட் மேசையில் பார்த்த அந்த 43-ஐயும் ஃபிஷர் 20 வருடம் காத்திருந்து பார்த்த 39-ஐயும் ஒன்றோடொன்று நேரடியாகச் சமன்படுத்த முடியாது என்று தெரியும். இருந்தாலும், கதிர்வீச்சு எதைப் போய்ச் சுடுகிறது என்பதை அந்த நெதர்லாந்து மேசைதான் எனக்குப் புரியவைத்தது. எங்கோ தனியாகக் கிடக்கும் சின்னச் சின்ன மிச்சங்களைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் தொடர்ச்சியாக ஓடும் நோயில் பாதியை விட்டுவிட்டு வந்தால் அதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

ஃபாலுன்

சுவீடனின் பழைய தாமிரச் சுரங்க ஊரான ஃபாலுனில்தான் இந்த வேலை முழு வடிவத்துக்கு வந்தது. 1977-ல் அந்த மாவட்டத்திலும், அடுத்து ஓஸ்தர்யோத்லாந்து மாவட்டத்திலுமாகத் தொடங்கிய மேமோகிராம் ஆய்வில் 1,33,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். 1985-ல் வந்த முடிவு: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைவு. எல்லாரும் பேசுவது இந்த எண்ணைப் பற்றித்தான். என்னைக் கவர்ந்தது வேறு. அவ்வளவு பேருக்குப் படம் எடுத்தால், இதுவரை யாரும் கையால் தொட்டிராத சின்ன நோய்கள் மேசைக்கு வந்து குவியும். அவற்றை என்ன செய்வது? ரேடியாலஜிஸ்ட் லாஸ்லோ டாபாரும், பேத்தாலஜிஸ்ட் டிபோர் டோட்டும் ஒரே மார்பகத்தின் படத்தையும் உள்ளங்கை அகலமுள்ள பெரிய கண்ணாடி வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். நாங்கள் நாலைந்து கேசட்டாகச் சிதறடிப்பதை அவர்கள் ஒரே கண்ணாடியில் முழுதாக ஏற்றினார்கள். கட்டி, அதைச் சுற்றிய குழாய்கள், விளிம்பு, மூன்றும் ஒரே பார்வையில்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் டோட் ஒரு கருதுகோளை முன்வைத்தார். மார்பகத்தில் பால் சுரக்கும் மடல்கள் பதினைந்து இருபது உண்டு, ஒவ்வொன்றும் காம்பிலிருந்து விரிகிறது. ஆரம்பநிலைப் புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கிப் பெருகுவதைவிட, பலவீனப்பட்ட ஒரு மடலுக்குள் பல இடங்களில் தோன்றுவதாக இருக்கலாம் என்கிறார். எல்லாரும் ஏற்றுக்கொண்ட முடிவில்லை இது. ஆனால் எங்கள் ரேடியாலஜிஸ்ட் திரையில் விசிறி மாதிரி என்று காட்டினாரே, அந்த வடிவம் ஏன் வருகிறது என்பதற்கு நான் படித்தவற்றில் இதுதான் நன்றாகப் பொருந்துகிறது. குழாயின் அச்சில் வார்த்தது போல நீண்டு கிளைக்கும் சுண்ணாம்பு உள்ளவர்களுக்கு, ஊடுருவிய கட்டி சின்னதாக இருந்தாலும் நோய் எதிர்பார்த்ததைவிட மோசமாகப் போகிறது என்று டாபார் குழு 2000-ல் எழுதியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் திட்டவட்டமான கருத்து கிடையாது. படத்தில் அந்த வடிவத்தைப் பார்த்தால் மேசையில் கூடுதலாகத் தேடுவேன், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் தவறலாம்

படம் எப்போதும் அதிகமாகவும் கண்ணாடி எப்போதும் குறைவாகவும் காட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. லோபுலார் வகைப் புற்றுநோயில் கதை தலைகீழ். அந்த செல்களைப் பிடித்து வைக்கும் ஈ-கெட்ஹெரின் என்ற புரதம் போய்விடுவதால் அவை ஒட்டிக் கட்டியாகத் திரளாமல், ஒற்றை வரிசையில் நார்களுக்கு இடையே நழுவிப் போகும். மேமோகிராமில் லேசான கலக்கம் மட்டும் தெரியும், ஸ்லைடில் பார்த்தால் சென்டிமீட்டர் கணக்கில் பரவியிருக்கும். அங்கே பேத்தாலஜிதான் படத்தைத் திருத்த வேண்டும்.

ஊசி பயாப்ஸியில் வரும் சண்டை இன்னொன்று. சுண்ணாம்புப் புள்ளிகளைக் குறிவைத்து ஊசி போட்டேன், எடுத்த துண்டுகளின் எக்ஸ்ரேயில் புள்ளிகள் இருக்கின்றன என்பார் ரேடியாலஜிஸ்ட். ஸ்லைடில் சுண்ணாம்பே இல்லை என்று ரிப்போர்ட் வரும். மார்பகத்தில் வரும் சுண்ணாம்பு இரண்டு வகை. கால்சியம் பாஸ்பேட் ஹெமட்டாக்ஸிலின் சாயத்தில் ஊதாவாகப் பளிச்சென்று தெரியும். கால்சியம் ஆக்ஸலேட் சாயமே ஏற்காது, கண்ணாடித் துண்டு மாதிரி நிறமில்லாமல் கிடக்கும், சாதாரண வெளிச்சத்தில் நம் பார்வை அதைத் தாண்டிப் போய்விடும். போலரைசர் என்ற ஒளி வடிகட்டியைப் போட்டுப் பார்த்தால் ஜொலிக்கும். அதிலும் கிடைக்காவிட்டால் மெழுகு பிளாக்கையே எக்ஸ்ரே எடுத்து, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து, இன்னும் சீவ வேண்டும். ஆக்ஸலேட் பெரும்பாலும் தீங்கற்ற மாற்றங்களோடு வருவது, எனவே கண்டுபிடித்துவிட்டால் ஒரு பெண்ணுக்கு இன்னொரு ஊசி மிச்சம். கூர் முனைகளோடு, கிட்டத்தட்ட நிச்சயமாகப் புற்றுநோய் என்று படத்தில் தெரியும் ஒன்றில் "சாதாரண நார்த்திசு" என்று பயாப்ஸி வந்தால் அதற்கு நேர்மாறு. ஊசி இலக்கைத் தொடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகச் சொல்லக் கூடாது.

இன்னும் நல்ல மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் காமிஸ் என்ற ஆய்வில் 1623 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. கூடுதலாக எடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் 19 சதவீதம். எம்.ஆர்.ஐ. தேவைப்படும் இடங்கள் உண்டு, லோபுலார் வகையில் நானே கேட்டு வாங்குவேன். ஆனால் கூடுதலாக ஒரு படத்தை ஃபைலில் சேர்ப்பதும், இருக்கும் படத்தைத் திசுவோடு பொருத்திப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள்.

பெரிய கண்ணாடி வெட்டுக்குத் தனி மைக்ரோடோம் (திசு சீவும் கருவி), தனி அச்சு, அதில் பழகிய டெக்னீஷியன், கூடுதல் நாட்கள் எல்லாம் வேண்டும். நம்மூரில் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் துண்டுகளை வரிசை கலையாமல் அடுக்கி, எண் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, எந்தக் கேசட் எந்தத் துண்டில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு தாளில் வரைந்து வைக்க எதுவும் குறுக்கே நிற்காது. மேமோகிராம் மெஷின் இருக்கும் எந்த மருத்துவமனையிலும் முடியும். குழாய்க்குள் அடங்கிய நோய் எத்தனை அடுத்தடுத்த துண்டுகளில் இருக்கிறது என்று எண்ணி, துண்டின் கனத்தால் பெருக்கினால் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கின்றன. ஊடுருவிய கட்டி எவ்வளவு, குழாய்க்குள் அடங்கியதையும் சேர்த்து நோய் மொத்தம் எவ்வளவு. மூன்றாவதாக, மேமோகிராமில் தெரிந்ததோடு இது பொருந்துகிறதா இல்லையா என்று ஒரு வரி. பொருந்தாவிட்டால் கையெழுத்துக்கு முன் ரேடியாலஜிஸ்ட்டுக்கு ஃபோன் போகும். சுண்ணாம்பு முழுக்க வெளியே வந்ததா என்பதில் சந்தேகம் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன் ஒரு மேமோகிராம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது அறுவை நடக்கப் போகிறது என்றால், மேமோகிராம் சிடியின் ஒரு நகல் பேத்தாலஜிக்கும் போகிறதா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அறுவை முடிந்துவிட்டது, இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே போய்க் கேளுங்கள், அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். பிளாக்குகளும் ஸ்லைடுகளும் வருடக்கணக்கில் இருக்கும். ஃபார்மலின் ஜாடி சில வாரம்தான் இருக்கும், அதற்குள் கேட்டால்தான் மிச்சத் திசுவைத் திரும்பப் பார்க்க முடியும்.